பிறப்புறுப்பில் எரிச்சல் மாதக்கணக்கில் நிற்கவில்லை என்றால் எங்கே தொடங்கிப் பார்ப்பது?

அரூர்_களப்பணி:
வணக்கங்க. வீடு வீடா போற சுகாதாரப் பணியில இருக்கறவங்களுக்குத் திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இது. பிறப்புறுப்போட வெளிப்பக்கம் எரியுது, 3 மாசம், 6 மாசம்னு போகுது. வெள்ளைப்படுதல் பெருசா இல்ல. மெடிக்கல்ல சொல்லி ஒரு பூஞ்சை க்ரீம், உள்ள வைக்கிற மாத்திரை, ஒரு ஃப்ளூகோனசோல் (விழுங்கற பூஞ்சை மாத்திரை) வாங்குறாங்க. நாலு நாள் அடங்கி மறுபடி ஆரம்பிக்குது. உடம்பு சூடுன்னு வெந்தயம் ஊறவெச்சுக் குடிக்கிறாங்க, நீர்க்கடுப்புன்னு ஆன்டிபயாட்டிக் போடுறாங்க, ஸ்கேன் எடுத்தா ஒண்ணுமில்லன்னு வருது. காரணத்தை எந்த வரிசையில தேடணும், வீட்டுல என்ன செய்யலாம், எதுக்கு உடனே ஓடணும்? தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க.

தோல்பிரிவு_தர்மபுரி:
ஸ்கேன் வயித்துக்குள்ள இருக்கறதைப் பார்க்கும், தோலைப் பார்க்காது. இந்த எரிச்சலுக்கு முதல் பரிசோதனை நல்ல வெளிச்சமும் ரெண்டு கண்ணும்தான். பார்க்காமலே எழுதின சீட்டு எத்தனை இருந்தாலும் அது வைத்தியம் ஆரம்பிச்சதா ஆகாது.

பார்க்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது: எரிச்சலா, அரிப்பா? அரிப்பு முன்னால நின்னா பூஞ்சை, படை, சொறி, இல்லன்னா தோல் வெள்ளையாகி மெலிஞ்சு போற லைக்கன் ஸ்க்லீரோசஸ். அரிப்பே இல்லாம எரிச்சல் மட்டும்னா ஒவ்வாத பொருள், ஹார்மோன் குறைவு, நரம்பு, தசை. கோடு போட்ட மாதிரி பிரியாது, சொறிஞ்சு கீறல் விட்ட தோலும் எரியும்தான். ஆனா தேடலை எந்தப் பக்கம் திருப்பணும்னு காட்டும்.

அடுத்தது, எந்த இடம்? ரெண்டு தொடை இடுக்கா, வெளி உதடா, உள் உதட்டுக்கு உள்ள இருக்கற வாசல் பகுதியா? "அங்க எரியுது"ன்னு சொன்னா எல்லாம் ஒண்ணாயிடும். ஒரு கைக்கண்ணாடி வெச்சு, விரல் நுனியால எந்த இடம்னு அவங்களே கண்டுபிடிச்சுட்டு வந்தா பாதி வேலை முடிஞ்சுது.

அப்புறம் நேரம். எப்பவும் எரியுதா, எதாவது பட்டாத்தானா? உக்காந்தா கூடுதா? மாதவிலக்குக்கு முந்தின வாரமா? நாப்கின் வெச்ச நாள்லயா? சிறுநீர் போகும்போது எரிஞ்சா, உள்ள குழாய்க்குள்ள எரியுதா, வெளியே தோல்ல பட்டதும் எரியுதா? உள்ளன்னா சிறுநீர்த் தொற்று பார்க்கணும். வெளியன்னா தோல் ஏற்கெனவே புண்ணா இருக்கு, சிறுநீர் அதைக் காட்டிக் கொடுக்குது, அவ்வளவுதான். நீர்க்கடுப்புன்னு விழுங்குற ஆன்டிபயாட்டிக்ல ஒரு பங்கு இந்த வித்தியாசத்தைக் கேக்காததால எழுதினது. அந்த ஆன்டிபயாட்டிக்கே அடுத்த பூஞ்சைத் தொற்றுக்கு வழி விடும்.

மருந்தகம்_காவேரிப்பட்டணம்:
எதைத் தேடறதுக்கு முன்னாடியும் பூசறதையெல்லாம் நிறுத்தணும். மூணு வகை பூஞ்சை ட்யூப், ஒரு வாசனை வாஷ், டெட்டால் தண்ணி, வேப்பிலைக் கஷாயம், மஞ்சள், படிகாரம். இதெல்லாம் மேல மேல போட்ட தோலைப் பார்த்து யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது.

நிறுத்திட்டு இப்படிச் செய்யுங்க. ஒரு நாளைக்கு ஒரு தடவை வெறும் தண்ணியால வெளிப்பக்கம் மட்டும் கையால கழுவணும். துணி, நார், சோப்பு வேண்டாம். உள்ள தண்ணி பீய்ச்சிக் கழுவவே கூடாது. தேய்க்காம ஒத்தித் துடைக்கணும். அப்புறம் வாசனை இல்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசா, பட்டாணி அளவு. சிறுநீர் போறதுக்கு முன்னாடியும் கொஞ்சம் தடவிக்கலாம். போகும்போதே ஒரு சொம்புத் தண்ணியை மேல இருந்து மெதுவா ஊத்திக்கிட்டா எரிச்சல் தெரியாது. தேங்காய் எண்ணெயும் பலருக்கு ஒத்துக்கும், மணம் சேர்க்காத சமையல் எண்ணெயா இருக்கணும். ஆணுறை பயன்படுத்தறவங்க அந்த நேரத்துல எண்ணெய், ஜெல்லி ரெண்டுமே போடக் கூடாது, ரப்பர் கிழிஞ்சிடும்.

இடுப்பு மூழ்கற வெதுவெதுப்பான வெறும் தண்ணியில 10 நிமிஷம் உக்காரலாம். உப்பு, டெட்டால், பொட்டாசியம் பெர்மாங்கனேட் எதுவும் கலக்காதீங்க. சூடு அதிகமானா தோல் இன்னும் காயும்.

துணி விஷயம் நம்ம ஊருக்குக் குறிப்பா சொல்லணும். ஆழ்துளைக் கிணத்துத் தண்ணி உப்பும் சுண்ணாம்புமா இருக்கற இடங்கள்ல சோப்பு சரியா அலசிப் போகாது. உள்ளாடையை மட்டும் தனியா, கொஞ்சமா பவுடர் போட்டு, மூணு தண்ணி அலசி, வெயில்ல காயப்போடுங்க. துணியை மென்மையாக்கற திரவம் வேண்டாம். பருத்தி, தளர்வா. ராத்திரி உள்ளாடை இல்லாமலே தூங்கலாம். தினமும் லைனர் (மெல்லிசான நாப்கின்) வைக்கறதை விட்டுடணும், முடி நீக்கற க்ரீமும் ரேசரும் கொஞ்ச காலம் வேண்டாம்.

காரணம் ஒவ்வாத பொருள்தான்னா 2 வாரத்துல குறையறது தெரியும், தோல் முழுசா ஆற 4 முதல் 6 வாரம் ஆகும். நாலு நாள்ல நிக்கலைன்னு திரும்ப க்ரீமுக்குப் போறதுதான் எல்லாரும் தடுக்கி விழற இடம்.

அரூர்_களப்பணி:
மிளகாய் காம்பு கிள்ளற வேலை, தக்காளித் தோட்டத்துல மருந்து அடிக்கற வேலைக்குப் போறவங்களுக்கும் இது வருதே?

மருந்தகம்_காவேரிப்பட்டணம்:
வரும். மிளகாய்க் காரம் தண்ணியில கரையாது. கையில முதல்ல எண்ணெய் தேய்ச்சு, அப்புறம் சோப்பு போட்டுக் கழுவணும். அதுவும் கழிப்பிடம் போறதுக்கு முன்னாடி. போயிட்டு வந்து கழுவிப் பிரயோஜனம் இல்ல. மருந்து அடிச்ச அன்னைக்கு உள்ளாடையோட எல்லாத் துணியும் மாத்தணும்.

ஆய்வகம்_பாலக்கோடு:
கசிவு எடுத்துப் பார்க்கறதைப் பத்தி. வர்றதுக்கு முன்னாடி குறைஞ்சது 2 நாள் உள்ள எந்த மாத்திரையும் வைக்காம, கழுவாம, உறவு இல்லாம வந்தாத்தான் முடிவை நம்ப முடியும். அமிலத்தன்மையைக் காட்டற பிஎச் தாளை யோனியோட பக்கச் சுவர்ல தொட்டுப் பார்க்கணும், கருப்பை வாய்ல தொட்டா தப்பாக் காட்டும். மாதவிலக்கு நிக்காத வயசுல 3.8 முதல் 4.5 வரை இயல்பு. பூஞ்சையில பெரும்பாலும் இதே அளவுதான் இருக்கும். 4.5-க்கு மேல போனா பாக்டீரியா சமநிலை கெட்டது, உறவு வழியாப் பரவற ட்ரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணி, இல்லன்னா ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் குறைவு. 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டதும் மீன் நாத்தம் வந்தா பாக்டீரியா பக்கம்.

ஒண்ணை அழுத்திச் சொல்றேன். நுண்ணோக்கியில பூஞ்சை தெரியலன்னா பூஞ்சை இல்லன்னு அர்த்தமில்ல. திரும்பத் திரும்ப வர்றவங்களுக்கு வளர்ப்புப் பரிசோதனை (கசிவுல இருக்கற கிருமியை வளர்த்துப் பார்க்கறது) அனுப்பணும், அதுல எந்த இனம்னும் தெரியணும். கேண்டிடா அல்பிகன்ஸா கிளாப்ராட்டாவா என்பதை வெச்சு மருந்தே மாறும்.

மகப்பேறு_கிருஷ்ணகிரி:
ஆய்வகத் தோழர் சொன்னதோடு சேர்த்து ஒன்று. ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் பூஞ்சை வந்து, வளர்ப்பில் அல்பிகன்ஸ் என்று உறுதியானால், ஃப்ளூகோனசோல் 150 மி.கி. 1, 4, 7-ஆம் நாட்களில், பிறகு வாரம் ஒன்றாக 6 மாதம். கடையில் ஒற்றை மாத்திரை வாங்கி விட்டுவிட்டால் அடங்கும், போகாது. கிளாப்ராட்டா இதற்குச் சரியாகக் கட்டுப்படாது. அதற்கு போரிக் அமிலம் 600 மி.கி. கேப்சூல், இரவில் யோனிக்குள், 14 நாள். வாயால் விழுங்கினால் நஞ்சு. குழந்தைகள் கையில் படக் கூடாது. கர்ப்பத்தில் அறவே கூடாது. மருத்துவர் எழுதாமல் யாரும் தொட வேண்டாம். ட்ரைக்கோமோனாஸ் என்றால் கணவருக்கும் சேர்த்தே மருந்து. பூஞ்சைக்கு அப்படி வழக்கமாகத் தேவையில்லை.

திரும்ப வரும் பூஞ்சைக்குப் பின்னால் சர்க்கரை இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் விடுகிறோம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரை பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், அல்லது மூன்று மாத சராசரி (HbA1c) 6.5% அல்லது அதற்கு மேல் என்றால் எரிச்சலுக்கும் அதுவே மூலமாக இருக்கலாம். ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களின் அட்டையை வாங்கிப் படியுங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும், அந்த இடத்தில் பூஞ்சைக்கு அதுவே தீனி. 2020-க்குப் பிறகு டாபாக்ளிஃப்ளோசின் விலை இறங்கியதால் இப்போது நிறையப் பேர் எடுக்கிறார்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து, தானாக நிறுத்தக் கூடாது. எழுதிய மருத்துவரிடம் இந்தத் தொந்தரவைச் சொல்லி முடிவெடுக்க வேண்டும்.

தோல்பிரிவு_தர்மபுரி:
மாத்திரைன்னு வந்ததால இதையும் சொல்லிடறேன். அதே இடத்துல எரிச்சலும் சிவப்பும் வந்து, ஆறி, சில வாரம் கழிச்சு அதே இடத்துல திரும்ப வருதுன்னா, அதுக்கு முந்தின ஒண்ணு ரெண்டு நாள்ல என்ன மாத்திரை போட்டாங்கன்னு கேளுங்க. பேதிக்குப் போடற ஆஃப்லாக்சசின் ஆர்னிடசோல், கோட்ரைமாக்சசோல், வலி மாத்திரை, ஏன் ஃப்ளூகோனசோலேகூட இந்த நிலை மாறா மருந்து ஒவ்வாமையைக் கொண்டு வரும். மாத்திரை பேரைக் கண்டுபிடிச்சு சீட்டுல பெரிசா எழுதி வெச்சா அதோட முடிஞ்சுது.

மருந்தகம்_காவேரிப்பட்டணம்:
எல்லாத்தையும்விட எனக்குக் கவலை ஸ்டீராய்டு கலந்த ட்யூப்தான். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு மூணும் ஒண்ணாக் கலந்தது. போட்டதும் சிவப்பு குறையுது, படை உள்ளுக்குள்ள பரவுது, தோல் மெலிஞ்சு போகுது. நிறுத்தினா நெருப்பு மாதிரி எரியுது, அதனால நிறுத்தவே முடியல. அந்த இடத்துக்கு ஸ்டீராய்டே கூடாதுன்னு நான் சொல்லி அனுப்பறேன்.

தோல்பிரிவு_தர்மபுரி:
கலப்பு ட்யூபைப் பத்திச் சொன்னதுல ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன். ஆனா "கூடவே கூடாது"ன்னு சொல்லி அனுப்பாதீங்க. லைக்கன் ஸ்க்லீரோசஸ் இருக்கற பொண்ணுங்களுக்கு அந்த வார்த்தை பெரிய கெடுதல்.

அந்த நோய் என்னன்னா, தோல் வெள்ளையாகி, சிகரெட் தாள் மாதிரி சுருங்கி மெலிஞ்சு போகும். ராத்திரி அரிப்பு தூங்க விடாது. சொறிஞ்ச கீறல் எரியும், உறவுல கிழியும். ஆசனவாயையும் சுத்தி 8 போட்ட மாதிரி பரவும். விட்டுட்டா உள் உதடு கரைஞ்சு வெளி உதட்டோட ஒட்டிக்கும், வாசல் குறுகும். வருஷக்கணக்கா வைத்தியமில்லாம விட்டவங்கள்ல சிலருக்குப் புற்றுநோயும் வரும், 100-க்கு 5 பேருக்கும் குறைவு. வெள்ளையா இருக்குன்னதும் வெண்புள்ளின்னு பயந்து மறைச்சுடறாங்க. வெண்புள்ளியில நிறம் மட்டும்தான் போகும், அரிப்பு, சுருக்கம், கீறல் இருக்காது.

இதுக்கு முதல் மருந்தே வீரியமான ஸ்டீராய்டுதான். க்ளோபெட்டசால் 0.05%. க்ரீம் வேண்டாம், ஆயின்ட்மென்ட். க்ரீம்ல இருக்கற பதப்படுத்திகளே எரிய வைக்கும். முதல் மாசம் தினம் ராத்திரி, ரெண்டாம் மாசம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூணாம் மாசம் வாரம் ரெண்டு நாள். ஒரு விரல் நுனிக் கோடு அரை கிராம், அதுக்கு மேல வேண்டாம். 30 கிராம் ட்யூப் ஒண்ணு இந்த 3 மாசத்துக்குப் போதும். வெள்ளையான இடத்துல மட்டும், கண்ணாடி வெச்சுப் பார்த்துத் தடவணும். பலருக்கு அதுக்கப்புறமும் வாரம் ரெண்டு தடவை தொடரணும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து காட்டணும். சந்தேகமா இருந்தாலும், புண் தடிச்சு ஆறாம இருந்தாலும் 4 மி.மீ. தோல் துண்டு எடுத்துப் பார்ப்போம், மரத்துப்போக ஊசி போட்டு அஞ்சு நிமிஷ வேலை.

படைக்கு இதே மருந்தைப் போட்டா படை வளரும். லைக்கனுக்கு இதைப் போடலன்னா உறுப்பே உருமாறிப் போகும். எந்த நோய்னு பார்த்துச் சொல்றதுலதான் எல்லாம் இருக்கு.

மருந்தகம்_காவேரிப்பட்டணம்:
அப்போ சீட்டுல நோயோட பேரும், எத்தனை மாசம்னும் எழுதிக் கொடுங்க டாக்டர். வெறும் "க்ளோபெட்டசால், ராத்திரி"ன்னு வந்தா, கவுண்டர்ல நிக்கறவங்க நல்ல எண்ணத்துலதான் பயமுறுத்தி அனுப்புவாங்க.

தோல்பிரிவு_தர்மபுரி:
சரிதான். எழுதிக் கொடுக்கணும். நோயாளிகளும் கேட்டு வாங்கிக்கணும்.

மகப்பேறு_கிருஷ்ணகிரி:
மாதவிலக்கு நின்றவர்கள், சினைப்பையோடு கர்ப்பப்பை எடுத்தவர்கள், பால் கொடுக்கும் தாய்மார்கள் என்றால் ஈஸ்ட்ரோஜன் குறைவை முதலில் நினைக்க வேண்டும். வாசல் வெளுத்து, உலர்ந்து, தொட்டால் கீறும். நம் பக்கம் 40 வயதுக்கு முன்பே கர்ப்பப்பை எடுத்தவர்களைப் பார்க்கிறோம். அவர்களிடம் "இந்த வயதில் மாதவிலக்கு நின்ற தொந்தரவா" என்று யாரும் யோசிப்பதே இல்லை. எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை 0.1% க்ரீம், அரை கிராம், 2 வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இருமுறை. உள்ளே வைப்பதோடு விரலால் வாசலிலும் தடவ வேண்டும், எரிகிற இடம் அதுதான். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் பிடிக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அந்த மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால் முதலில் அதற்கான காரணத்தைப் பார்க்க வேண்டும், க்ரீம் அப்புறம்.

அரூர்_களப்பணி:
இவ்வளவும் பார்த்தும் தோல் நல்லா இருக்கு, வளர்ப்புல ஒண்ணுமில்ல, சர்க்கரை இல்லன்னா? "மனசுல இருக்கு, ஒண்ணுமில்ல போங்க"ன்னுதான் அனுப்பறாங்க.

மகப்பேறு_கிருஷ்ணகிரி:
அப்படி அனுப்புவது தவறு. 3 மாதத்துக்கு மேல் நீடித்து, தெளிவான காரணம் தெரியாத இந்த வலிக்கு வல்வோடினியா என்று பெயர். 2015-இல் உலக மருத்துவ அமைப்புகள் மூன்று சேர்ந்து வரையறுத்தார்கள். நரம்பு நுனிகள் மிகையாக வேலை செய்கின்றன, தொடுவதே எரிச்சலாகத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாததால் இல்லாததாக ஆகாது.

பரிசோதனை எளிது. நனைத்த பஞ்சுக் குச்சியால் முதலில் தொடை, பிறகு வெளி உதடு, உதட்டிடுக்கு, கடைசியில் வாசலில் கடிகார முள் திசையில் ஒவ்வொரு இடமாக மெல்லத் தொட்டு, 0 முதல் 10 வரை எத்தனை என்று கேட்க வேண்டும். அழுத்தக் கூடாது. வாசல் முழுக்க, சிறுநீர்த் துவாரத்தின் பக்கமும் எரிந்தால் ஹார்மோன் அல்லது நரம்பு. வாசலைக் கடிகார முகமாக நினைத்தால் 4 மணி முதல் 8 மணி வரையான கீழ்ப்பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் கீழே இருக்கும் தசை இறுக்கம். மரத்துப்போக வைக்கும் லிடோகெய்ன் தடவி 5 நிமிடம் கழித்துத் தொட்டால் வலி மறைகிறதா என்பதும் வழி காட்டும்.

மருந்தில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. இரவு 8 மணிக்கு, வாரத்துக்கு 10 மி.கி. கூட்டிக்கொண்டு போவோம். 6 முதல் 8 வாரம் எடுத்துப் பார்த்துத்தான் பலன் சொல்ல முடியும். வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கும், மலம் கட்டும். திடீரென நிறுத்தக் கூடாது. கண் அழுத்த நோய், இதய நோய் உள்ளவர்கள் முன்பே சொல்ல வேண்டும். அட்டையில் மன அழுத்த மாத்திரை என்று படித்து வீட்டில் சண்டை வருகிறது; நரம்பு வலிக்கான குறைந்த அளவு இது என்று கணவரையும் மாமியாரையும் வைத்தே விளக்கிவிடுவது நல்லது. உறவுக்கு முன் லிடோகெய்ன் 5% ஆயின்ட்மென்ட் தடவி, 20 நிமிடம் கழித்துத் துடைத்துவிடலாம். முதல் ஒரு நிமிடம் அதுவே எரியும், பிறகு மரத்துப்போகும். பென்சோகெய்ன் உள்ளது வாங்காதீர்கள், ஒவ்வாமை கொண்டுவரும்.

இயன்முறை_ஓசூர்:
தசை இறுக்கம்னு மேடம் சொன்னதை விரிவா எழுதறேன். வலிக்கற இடத்தை உடம்பு தானா இறுக்கிப் பிடிச்சுக்கும், இறுக்கினா ரத்த ஓட்டம் குறைஞ்சு இன்னும் எரியும். இவங்களுக்கு இடுப்புத்தள தசையைச் சுருக்கற கீகல் பயிற்சி சொல்லிக் கொடுக்காதீங்க. பிரசவத்துக்கு அப்புறம் எல்லாருக்கும் அதைச் சொல்ற பழக்கம் இருக்கு, இங்க அது எரிச்சலைக் கூட்டும்.

மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, ரெண்டு பக்கமும் தலையணை வெச்சுக் காலை விரிச்சு விடுங்க. 4 எண்ணற வரைக்கும் மூச்சை இழுக்கணும், வயிறு மேல வரணும், ஆசனவாய் தளர்ந்து கீழே இறங்கற மாதிரி விடணும். 6 எண்ணற வரைக்கும் வெளியே விடணும், அப்போ எதையும் இறுக்கக் கூடாது. 10 நிமிஷம், காலை மாலை. மலச்சிக்கல் இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணணும், முக்கற ஒவ்வொரு தடவையும் தசை இறுகும். இந்தியக் கழிப்பிடத்துல குந்தி உக்காரறதே நல்ல நிலை, முட்டி வலி இல்லாதவங்க மாத்த வேண்டாம். விரிப்பான் பயிற்சியை (யோனிக்குள்ள வழவழப்பான குச்சி வெச்சு மெல்ல விரிக்கறது) தசை தளரப் பழகின பிறகுதான் ஆரம்பிக்கணும், சின்ன அளவுல இருந்து, வலி 10-க்கு 3-ஐத் தாண்டாம.

ஓசூர்ல கம்பெனி லைன்ல, தையல்ல 8 மணி நேரம் உக்காந்தே வேலை செய்யறவங்களுக்கு இன்னொண்ணு உண்டு. உக்காந்தா எரிச்சல், நின்னா குறையும், வெஸ்டர்ன் கழிப்பிடத்துல உக்காந்தா வலிக்காது, தூக்கத்துல எழுப்பாது. இது பியூடெண்டல் நரம்பு (பிறப்புறுப்புப் பகுதிக்கு உணர்ச்சி தர்ற நரம்பு) அழுத்தமா இருக்கலாம். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நிக்கணும். நடுப்பகுதி வெட்டின பஞ்சு மெத்தை வெச்சு உக்காரலாம். ஒரு பக்கம் மட்டும் எரியறதும் இதுக்கு ஒரு அடையாளம்.

அரூர்_களப்பணி:
எதுக்கு உடனே ஓடணும்? எங்க போறது?

தோல்பிரிவு_தர்மபுரி:
கூட்டமா நீர்க்கொப்புளம், காய்ச்சல், நெறி கட்டி வலினா அக்கி வகை வைரஸ், 3 நாளுக்குள்ள மருந்து ஆரம்பிச்சாத்தான் நல்ல பலன். 3 வாரத்துக்கு மேல ஆறாத புண், கட்டி, ரத்தக் கசிவு இருந்தா தள்ளிப் போடாதீங்க. சிறுநீர் வராம அடைச்சுக்கிட்டு, தொடை இடுக்கு மரத்துப்போச்சுன்னா அன்னைக்கே அவசரப் பிரிவு.

மத்தபடி தர்மபுரியிலயும் கிருஷ்ணகிரியிலயும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு, தோல் பிரிவும் மகப்பேறு பிரிவும் உண்டு. அரிப்பு, நிறமாற்றம், புண்ணுன்னா தோல் பிரிவு. உலர்ச்சி, உறவுல வலி, மாதவிலக்கோட சேர்ந்ததுன்னா மகப்பேறு. பெண் மருத்துவர் வேணும்னு கேக்கறதுக்குத் தயங்க வேண்டாம், பரிசோதனையில கூட ஒரு செவிலியர் நிக்கணும்னு கேக்கறதும் அவங்க உரிமை. பூசின எல்லா ட்யூபும், காலியானதுகூட, ஒரு பையில எடுத்துட்டு வரச் சொல்லுங்க. "வெள்ளை ட்யூப், பச்சை மூடி"ன்னு சொன்னா எங்களால கண்டுபிடிக்க முடியாது.

அரூர்_களப்பணி:
கர்ப்பமா இருக்கறவங்களுக்கு?

மகப்பேறு_கிருஷ்ணகிரி:
ஃப்ளூகோனசோல் மாத்திரையும் போரிக் அமிலமும் வேண்டாம். பூஞ்சை உறுதியானால் க்ளோட்ரிமசோல் உள்ளே வைப்பது, 7 நாள். மருந்து செலுத்தும் குழாயை அழுத்தாமல் விரலால் வைத்தால் போதும். பெட்ரோலியம் ஜெல்லி, தண்ணீர் மட்டும் போட்டுக் கழுவுவது, தளர்ந்த பருத்தித் துணி, இதெல்லாம் அப்படியே தொடரலாம். கொப்புளம் தெரிந்தால் எந்த மாதமாக இருந்தாலும் அன்றே காட்ட வேண்டும், பிரசவ முறையே அதைப் பொறுத்து மாறலாம்.